பெரேரா என்றால் பழமரம், ஜோர்ஜ் என்றால் உழவன்
– ஐரோப்பியப் பேர்களின் கதையும் நம்ம பேர்களைக் காப்பாற்றும் வழியும்



நம்ம பிள்ளைகள் பலர் இன்றைக்குக் கொழும்பில் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் வெள்ளவத்தை வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். சிலர் அங்கேயே அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள். போன புதிதில் அவர்கள் காதில் விழுவது புதுப் புதுப் பேர்கள். முதலாளி பெரேரா, பக்கத்து வீடு பெர்னாண்டோ, கிளாக்கர் மெண்டிஸ், வக்கீல் பொன்சேகா, டொக்டர் வான் லாங்கன்பேர்க். ‘இதெல்லாம் பெரிய இடத்துப் பேரு, நம்ம பேரு மட்டும் கருப்பையா, முத்துசாமி, ராக்கம்மா’ என்று சில பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். வேலைக்குச் சேரும்போது பேரை மாற்றிச் சொல்லுகிறவர்களும் உண்டு. அப்படி மாற்றிச் சொன்னதால் பிற்பாடு சேமலாப நிதிப் பணம் எடுக்கும்போது அலைகிறார்கள்.

ஆகவே இந்த இதழில் பேர்களைப் பற்றிப் படிப்போம். அந்தப் பேர்கள் எங்கிருந்து வந்தன, அவற்றுக்கு என்ன பொருள் என்று முதலில் பார்ப்போம். பிறகு நம்ம பேர்களுக்கு வருவோம்.

மூன்று கப்பல்களில் வந்த பேர்கள்

இலங்கைக்கு ஐரோப்பியர் மூன்று கூட்டமாக வந்தார்கள். 1505ல் லொரென்சோ டி அல்மேதா என்பவரின் தலைமையில் போர்த்துக்கேயர் வந்தார்கள். 1656ல் அவர்களிடமிருந்து கொழும்பை ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1796ல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். கண்டி 1815ல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதற்குப் பிறகுதான் கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் வந்தன, நம்ம பாட்டன் பூட்டன்மாரும் வந்தார்கள்.

ஒவ்வொருவரும் போகும்போது சில சொற்களை விட்டுவிட்டுப் போனார்கள். காலையில் நாம் தின்கிற பாண் போர்த்துக்கேயச் சொல். மேசை, அலுமாரி, கதிரை, சப்பாத்து, ஜன்னல் எல்லாம் அவர்கள் சொல்தான். தோட்டத்தில் கல் பெயர்க்கிற அலவாங்கும் அவர்களுடையதே. கந்தோர் என்பதும் கக்கூசு என்பதும் ஒல்லாந்தச் சொற்கள். இப்படிச் சொற்கள் தங்கினது போலவே பேர்களும் தங்கிவிட்டன.

போர்த்துக்கேயர் பேர் எப்படி ஒட்டிக்கொண்டது?

பெரேராக்களும் பெர்னாண்டோக்களும் எல்லாரும் போர்த்துக்கல்லிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பெரும்பாலானவர்கள் இந்த மண்ணின் மக்கள்தான். போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குக் கூடவே ஒரு போர்த்துக்கேயப் பேரும் கிடைத்தது. ஞானத்தகப்பனாக நின்றவரின் பேரோ, ஒரு புனிதரின் பேரோ, அங்கிருந்த அதிகாரியின் பேரோ வைக்கப்பட்டது. கோட்டை இராச்சியத்து அரசன் தர்மபாலனே 1557ல் ஞானஸ்நானம் பெற்று தொன் ஜுவான் தர்மபாலன் ஆனான். அரசனே மாறின பிறகு, பிரதானிகளும் பதவி தேடினவர்களும் பின்னாலேயே போனதில் ஆச்சரியமில்லை.

‘தொன்’ என்பது பேர் இல்லை, மரியாதைப் பட்டம். லத்தீன் மொழியில் எஜமான் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நம்ம ‘தொரை’ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிற்காலத்தில் அது பேரோடு ஒட்டிக்கொண்டது.

ஒல்லாந்தர் வந்த பிறகும் இந்த வழக்கம் நிற்கவில்லை. அவர்கள் கத்தோலிக்க மதத்தை ஒடுக்கித் தங்கள் சபையில் மக்களைச் சேர்த்தார்கள். காணிக்கும் ஆட்களுக்கும் ‘தோம்பு’ என்னும் பதிவேடு எழுதினார்கள். ஞானஸ்நானமும் கல்யாணமும் பள்ளிக்கூடத் தோம்பில் பதிவாகின. பதிவில் ஏறிய பேர்தான் காணிக்கும் உரிமைக்கும் அத்தாட்சி. ஆகவே மக்கள் அந்தப் பேரை விடாமல் வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் காலத்தில் பலர் பௌத்தத்துக்கும் சைவத்துக்கும் திரும்பிப் போனார்கள். மதம் திரும்பியது, பேர் திரும்பவில்லை. அதனால்தான் இன்றைக்கு விகாரைக்குப் போகிற பெரேராவையும், மாதா கோயிலுக்குப் போகிற பெரேராவையும் ஒரே வீதியில் பார்க்கிறோம்.

இந்தக் கதை இலங்கையில் மட்டும் நடந்ததல்ல. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிக்கும் பரதவர் 1530களில் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கர் ஆனார்கள். அவர்களுக்கும் பெர்னாண்டோ என்ற பேர் வந்தது. அங்கே ‘பர்னாந்து’ என்று சொல்லுவார்கள். அந்தச் சமூகத்தினர் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் இருக்கிறார்கள். ‘பெர்னாண்டோபுள்ளே’ என்ற பேரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முன்பாதி போர்த்துக்கல், பின்பாதி நம்ம ‘பிள்ளை’.

கொழும்புச் செட்டிமாரும் இப்படித்தான். தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள், போர்த்துக்கேய, ஒல்லாந்தப் பேர்களை ஏற்றார்கள். பிலிப் டி மெல்லோ (1723–1790) ஒல்லாந்தர் காலத்துத் தமிழறிஞர், சபைப் போதகர். பேரைப் பார்த்தால் ஐரோப்பியர் என்று நினைப்போம், ஆள் தமிழர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை 1859ல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட சைமன் காசிச்செட்டியும் இந்தச் சமூகத்தவரே.

பொருள் என்ன?

சரி, இந்தப் பேர்களுக்கு என்ன அர்த்தம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பெரேரா: போர்த்துக்கேய மொழியில் ‘பெரெய்ரா’ என்றால் பேரிக்காய் மரம். நுவரெலியா ரோட்டோரத்தில் கூடையில் வைத்து விற்கிறார்களே பெயார்ஸ், அந்த மரம்.

சில்வா: காடு. டி சில்வா என்றால் காட்டுப்பக்கத்தார். டிக்கோயாவில் வனராஜா தோட்டம் இருக்கிறது. அதிலுள்ள ‘வனம்’தான் சில்வா.

பொன்சேகா: வற்றிப்போன ஊற்று. நம்ம லயத்துப் பீலியில் தண்ணி நின்றுபோனால் அதுதான் பொன்சேகா! எங்கோ போர்த்துக்கல்லில் வற்றிய ஊற்றுப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு வந்த பேர்.

கொஸ்தா: கடற்கரை.

ஒலிவேரா: ஒலிவ மரம்.

கார்வாலோ: ஓக் என்னும் காட்டுமரம்.

அல்மேதா: ஓர் ஊரின் பேர். அந்த ஊர்ப்பேர் அரபு மொழியிலிருந்து வந்தது. அரபு முஸ்லிம்கள் போர்த்துக்கல்லைப் பல நூறு வருஷம் ஆண்டார்கள். அவர்கள் போன பிறகும் ஊர்ப்பேர்கள் நின்றன. ஆக, 1505ல் இங்கே வந்த முதல் போர்த்துக்கேயத் தளபதியின் பேரே வேறொருவரிடமிருந்து வந்த பேர்தான்.

சோய்சா: போர்த்துக்கல்லில் சௌசா என்ற ஆற்றங்கரைப் பகுதியின் பேர்.

மெண்டிஸ்: மெண்டோ என்பவரின் மகன். 

டயஸ்: தியோகோ என்பவரின் மகன்.

பீரிஸ்: பேரோ, அதாவது பீட்டரின் மகன். பீட்டர் என்றால் கிரேக்க மொழியில் கல், பாறை.

அல்விஸ்: அல்வாரோவின் மகன்.

பெர்னாண்டோ: பழைய ஜெர்மானியக் குடிகளிடமிருந்து வந்த ஆண்பிள்ளைப் பேர். பேரின் பின்பாதிக்குத் துணிச்சல் என்று அர்த்தம். போர்த்துக்கல்லில் அது பிள்ளைக்கு வைக்கிற பேர். இங்கே வந்து குடும்பப் பேராகிவிட்டது.

ரொட்ரிகோ: இதுவும் ஜெர்மானியப் பேர். புகழும் வலிமையும் உள்ளவன்.

பார்த்தீர்களா? மரம், காடு, ஊற்று, கடற்கரை, இன்னாரின் மகன். இவ்வளவுதான். இந்தப் பேர்களில் ராஜவம்சமும் இல்லை, கோடீஸ்வரமும் இல்லை. நாட்டுப்புறத்துக் குடியானவர்களின் பேர்கள்.

நாலு வழிப் பேர்கள்

ஐரோப்பாவில் முன்னொரு காலத்தில் ஆளுக்கு ஒரு பேர்தான் இருந்தது. ஊருக்கு ஊர் பத்து ஜோன் இருந்தால் எந்த ஜோன் என்று கேட்க வேண்டிவந்தது. வரி எழுதுகிறவர்களுக்கும் கோயில் பதிவு எழுதுகிறவர்களுக்கும் அது தொல்லை. ஆகவே அடையாளத்துக்கு இன்னொரு பேர் சேர்த்தார்கள். அது நாலு வழியில் வந்தது.

முதல் வழி: தகப்பன் பேர். ஜோன்சன் என்றால் ஜோனின் மகன். நெல்சன் என்றால் நெல் (நீல்) என்பவரின் மகன். வெள்ளவத்தையில் நெல்சன் பிளேஸ் இருக்கிறது. ஸ்கொட்லாந்துக்காரர் ‘மெக்’ என்று முன்னால் சேர்ப்பார்கள். மெக்டொனால்ட் என்றால் டொனால்டின் மகன். போர்த்துக்கேயர் பின்னால் ‘எஸ்’ சேர்ப்பார்கள். ஒல்லாந்தர் ‘ஸூன்’ என்று சேர்ப்பார்கள், அதைச் சுருக்கி எழுதுவதால்தான் கொழும்புப் பறங்கியர் பேர்களில் ஜான்ஸ், பீட்டர்ஸ் என்று இங்கிலீசில் எழுதும்போது கடைசியில் எஸ்ஸும் இசட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். யானின் மகன், பீட்டரின் மகன்.

இரண்டாவது வழி: ஊர். ஒல்லாந்தர் பேரில் ‘வான்’ என்று வந்தால் ‘இந்த ஊர்க்காரர்’ என்று பொருள். வான் டோர்ட் என்றால் டோர்ட்ரெக்ட் நகரத்துக்காரர். வான் லாங்கன்பேர்க் என்றால் நீண்ட மலை என்னும் ஊரைச் சேர்ந்தவர். நம்ம பெரியவர்கள் ‘நாங்க சேலத்துக்காரங்க’, ‘அவங்க புதுக்கோட்டைப் பக்கம்’ என்று சொல்லுவார்களே, அதுவேதான்.

மூன்றாவது வழி: தொழில். தேயிலையை இலங்கையில் முதலில் வியாபாரத்துக்குப் பயிரிட்டவர் ஜேம்ஸ் டெய்லர். 1867ல் லூல்கந்துர தோட்டத்தில் தொடங்கினார். டெய்லர் என்றால் தையல்காரர். 1848ல் நுவரெலியாவில் பண்ணை போட்டவர் சாமுவேல் பேக்கர். பேக்கர் என்றால் பாண் போடுகிறவர். ஹோர்ட்டன் சமவெளியிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பேரில்தான். சிமித் என்றால் கொல்லன். நம்மளை ஆண்ட தொரைமாரின் பாட்டன்மார் தையல் தைத்தவர்கள், அடுப்பு ஊதினவர்கள், இரும்பு அடித்தவர்கள்.

நாலாவது வழி: இயற்கையும் பட்டப்பேரும். உயரமானவன், குட்டையன், செம்பட்டைமயிரன், காட்டுக்காரன், பழமரத்தடிக்காரன் என்று ஊர் கூப்பிட்டது நிலைத்துவிட்டது. தோட்டத்திலும் பட்டப்பேர் இல்லாத ஆள் உண்டா?

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தமிழரும் முதல் வழியில்தான் போகிறோம். ராமசாமியின் மகன் முத்துசாமி ‘ரா. முத்துசாமி’ என்று எழுதுகிறான். இனிஷியலில் தகப்பன் பேர் இருக்கிறது. மெண்டிஸும் ஜான்ஸும் செய்ததும் இதே வேலை. ஒரே ஒரு வித்தியாசம். அவர்களுடையது ஒரு தலைமுறையில் உறைந்து குடும்பப் பேராகிவிட்டது. நம்முடையது தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. இது குறை இல்லை, வேறு முறை. ஆனால் இந்த வித்தியாசத்தால்தான் பத்திரங்களில் சிக்கல் வருகிறது. அதைப் பிறகு சொல்லுகிறோம்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒரு சுற்று

கொழும்புக்குப் போகிற பிள்ளைகள் வீதிப் பலகைகளைப் படித்துப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயம் இருக்கிறது. லூசியா என்றால் ஒளி. நம்ம சோதி, சோதியம்மா. பக்கத்தில் உல்வெண்டால். அங்கே ஒல்லாந்தர் கட்டிய பழைய தேவாலயம் இன்றும் நிற்கிறது. கட்டடம் 1749ல் தொடங்கப்பட்டது. உல்வெண்டால் என்றால் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாயே கிடையாது. நரியைப் பார்த்து ஓநாய் என்று நினைத்துவிட்டார்கள் என்பது ஊர்க்கதை. கோர்ட்டுகள் இருக்கும் அல்ட்ஸ்டோர்ப் 1656ல் கொழும்பு முற்றுகையில் செத்துப்போன ஒல்லாந்தத் தளபதி ஹல்ப்ட் என்பவரின் பேரால் வந்தது. ஹல்ப்டின் ஊர் என்று அர்த்தம்.

வெள்ளவத்தையில் பிரான்சிஸ் ரோட். அந்தப் பேர் பிராங்க் என்ற ஐரோப்பியக் குடியின் பேரிலிருந்து வந்தது. அந்த பிராங்கைத்தான் அரபியர் தங்கள் நாக்குக்கு ஏற்பச் சொல்ல, அது தமிழுக்கு வந்து ‘பறங்கி’ ஆனது. பிரான்சிஸும் பறங்கியும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். அடுத்து பிரெட்ரிக்கா ரோட். சமாதானமாக ஆளுகிறவள் என்று பொருள்.

முன்னே ஹை ஸ்ட்ரீட் என்று இருந்த வீதிக்கு இப்போது டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை என்று பேர். அவர் சிங்கள நாவலாசிரியர், 1890ல் பிறந்து 1957ல் காலமானார். முழுப்பேர் வெல்லவத்த ஆரச்சிகே ஏப்ரஹாம் சில்வா. ஏப்ரஹாம் எபிரேயப் பேர். சில்வா போர்த்துக்கேயம். முன்னால் உள்ள பேர் மட்டும்தான் சிங்களம். ஆனால் சிங்கள மக்கள் வீட்டுக்கு வீடு படித்த கதைகளை எழுதியவர் அவர். பேர் ஒரு பக்கம், மனுஷன் ஒரு பக்கம்.

நம்ம தோட்டங்களையும் பாருங்கள். நோர்வூட் என்றால் வடகாடு. ஹட்டன் என்றால் புதர்வெளியிலுள்ள குடியிருப்பு. தலவாக்கலைப் பக்கத்து ஹோலிரூட் என்றால் பரிசுத்த சிலுவை. பொகவந்தலாவையின் கேர்க்கஸ்வோல்ட் என்றால் ஒஸ்வல்டின் கோயில். ‘கிளன்’ என்று தொடங்கினால் பள்ளத்தாக்கு, ‘கிரேக்’ என்று தொடங்கினால் பாறை. ஊரை விட்டு வந்த ஸ்கொட்லாந்துக்காரர் தங்கள் ஊர் ஏக்கத்தில் வைத்த பேர்கள் பல. நம்ம ஆட்களும் சும்மா இருக்கவில்லை. வாயில் நுழையாத தோட்டங்களுக்குத் தங்கள் பாட்டில் தமிழ்ப் பேர் வைத்தார்கள். உங்கள் தோட்டத்துக்கு என்ன தமிழ்ப் பேர் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பொருளைத் தமிழாக்கிய முன்னோர்

கத்தோலிக்கக் குடும்பங்களில் சின்னப்பன், அருளப்பன், முடியப்பன் என்று பேர் வைப்பார்கள். இவை எப்படி வந்தன தெரியுமா? ஐரோப்பியப் பேரை அப்படியே எடுக்காமல் பொருளைத் தமிழாக்கி வைத்த பேர்கள்.

பவுல் என்றால் லத்தீனில் சின்னவன். ஆகவே பவுல் அப்போஸ்தலர் சின்னப்பர் ஆனார். யோவான் என்றால் எபிரேய மொழியில் கடவுள் அருளினார். ஆகவே அருளப்பர். ஸ்டீபன் என்றால் கிரேக்கத்தில் முடி, கிரீடம். ஆகவே முடியப்பர். பெனடிக்ட் என்றால் ஆசீர்வதிக்கப்பட்டவன். ஆகவே ஆசீர்வாதம்.

இன்னும் சில பேர்கள் தமிழ் நாக்கில் உருமாறின. ஜோசப் சூசை ஆனார். சந்த் யாகோ சந்தியாகு ஆனார். சேவியர் சவேரியார் ஆகி, சவரிமுத்து ஆனார். சேவியர் என்பது பாஸ்க் மொழியில் புதுவீடு என்று பொருள்படும் ஊர்ப்பேர். லயத்திலிருந்து புதுவீட்டுக்குப் போகிற சவரிமுத்துமார் தங்கள் பேரை நினைத்துச் சந்தோஷப்படலாம்.

இப்படியே ஒப்பிட்டுப் பாருங்கள். மார்கிரட் என்றால் முத்து: நம்ம முத்தம்மா. ஐரீன் என்றால் சாந்தி. ஸ்டெல்லா என்றால் நட்சத்திரம்: நம்ம தாரகை. விக்டர் என்றால் வெற்றி: நம்ம விஜயன். சோபியா என்றால் ஞானம்: நம்ம ஞானம்மா. மார்கிரட் என்றால் நாகரிகம், முத்தம்மா என்றால் பட்டிக்காடு என்று யார் சொன்னது? இரண்டும் ஒரே முத்துதான்.

ஒரு பேரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஆறு அரசர்களுக்கு ஜோர்ஜ் என்று பேர். நம்ம மக்கள் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்த ஆரம்ப நாளில் ஆண்டவர் ஒரு ஜோர்ஜ், 1948ல் நாடு சுதந்திரம் அடைந்தபோது இருந்தவரும் ஒரு ஜோர்ஜ். ஜோர்ஜ் என்றால் கிரேக்க மொழியில் நிலத்தில் வேலை செய்கிறவன், உழவன். மண்வெட்டி பிடிக்கிறவனின் பேரைத்தான் ராஜாக்கள் வைத்துக்கொண்டார்கள். ஆகவே மண்ணில் வேலை செய்கிறவன் தன் பேருக்கு வெட்கப்பட வேண்டிய அவசியமில்லை.

யார் வெளியாள்?

நம்ம முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா. டி என்றால் தொன், எஸ் என்றால் ஸ்டீபன். போர்த்துக்கேயப் பட்டமும் கிரேக்கப் பேரும். எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் முழுப்பேர் சொலமன் வெஸ்ட் ரிட்ஜ்வே டயஸ் பண்டாரநாயக்கா. வெஸ்ட் ரிட்ஜ்வே அந்தக் காலத்து ஆங்கிலேயத் தேசாதிபதியின் பேர். ஜே. ஆர். ஜயவர்தன ஜூனியஸ் ரிச்சர்ட். இந்தப் பேர்களை வைத்து இவர்களை யாரும் வெளிநாட்டவர் என்று சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் 1948ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் முத்துசாமியும் ராக்கம்மாவும் நாடற்றவர்கள் ஆனார்கள். இந்த நாட்டு மலையை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேர் வாக்காளர் இடாப்பில் இல்லாமல் போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ல் வந்த சட்டம்தான் குடியுரிமை கொடுத்தது. 1983 ஜூலைக் கலவரத்தில் பேரைக் கேட்டும் பேச்சைக் கேட்டும் ஆளை இனம் பார்த்தார்கள் என்பதையும் மறக்க முடியாது.

பழசைக் கிளறிப் பகை வளர்க்க இதைச் சொல்லவில்லை. பேரை வைத்து ஒரு ஆளைச் சொந்தக்காரன், வெளியாள் என்று பிரிக்க முடியாது என்பதற்காகச் சொல்லுகிறோம். பெர்னாண்டோ என்ற பேரில் சிங்களவர் இருக்கிறார், தமிழர் இருக்கிறார், பௌத்தர் இருக்கிறார், கத்தோலிக்கர் இருக்கிறார். நம்ம பிள்ளைகளும் மற்றவர் பேரைக் கேட்டு ஆளை எடை போடக் கூடாது.

நம்ம பேரை எப்படிக் காப்பாற்றுவது?

இனி முக்கியமான விஷயம். ‘பெரெய்ரா’ இங்கே வந்து பெரேரா ஆனது. ‘சௌசா’ சோய்சா ஆனது. ‘மெண்டெஸ்’ மெண்டிஸ் ஆனது. பேர் உருமாறுவது உலக வழக்கம். நம்ம லட்சுமியும் லெட்சுமி, லெச்சுமி என்று மாறினாள். அதில் தப்பில்லை. ஆனால் பெரேரா குடும்பம் ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி எழுதுகிறது. நம்ம லெட்சுமியோ பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, செக்ரோலில் ஒரு மாதிரி, பேங்குப் புத்தகத்தில் ஒரு மாதிரி. நாலு எழுத்தில் நாலு லெட்சுமி! முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள் சேமலாப நிதி கேட்டுப் போனால் ‘இது நீதானா?’ என்று கேட்கிறார்கள்.

ஏன் இப்படி? தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, அதை இங்கிலீசுக்கு மாற்றும்போது எழுத்து மாறுகிறது. வீட்டில் கூப்பிடுகிற பேர் ஒன்று, பதிவுப் பேர் ஒன்று என்று இருப்பது இன்னொரு காரணம். தகப்பன் பேர் சில இடத்தில் இனிஷியலாகவும் சில இடத்தில் முழுப் பேராகவும் வருவது மூன்றாவது காரணம். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் என்ற இடத்தில் அப்பா பேர் போனால், அங்கே ஆஸ்பத்திரியில் ‘ராமசாமி’ என்று கூப்பிட்டால் ராக்கம்மாதான் எழும்பிப் போக வேண்டும்!

ஆகவே கீழே சொல்லுவதைக் கவனியுங்கள்.

1. பிள்ளை பிறந்து 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பேரைத் தமிழிலும் இங்கிலீசிலும் ஒரு துண்டில் தெளிவாக எழுதிக் கொண்டுபோங்கள். வாயால் மட்டும் சொல்லாதீர்கள்.

2. பத்திரத்தைக் கையில் வாங்கினதும் அங்கேயே படித்துப் பாருங்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை பேர், தகப்பன் பேர், தாய் பேர், திகதி எல்லாம் சரியா என்று பாருங்கள்.

3. தாய் தகப்பன் பேர் அவர்களுடைய அடையாள அட்டையில் இருக்கிற மாதிரியே பிள்ளையின் பத்திரத்திலும் இருக்க வேண்டும்.

4. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வீட்டுப் பேரைச் சொல்ல வேண்டாம். பத்திரத்துப் பேரையே சொல்லுங்கள். பிள்ளை அடையாள அட்டைக்கு மனுப் போடும் முன் எல்லாப் பத்திரங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

5. கொழும்பில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளே, கூப்பிடுவதற்கு எந்தப் பேரையும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சேமலாப நிதிப் படிவத்தில் அடையாள அட்டையில் உள்ள பேரையும் இலக்கத்தையும் அப்படியே எழுதுங்கள்.

6. ஏற்கனவே பிழை இருந்தால் பென்ஷன் வயது வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் போய்த் திருத்தத்துக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று காட்டச் சத்தியக் கடதாசி தேவைப்பட்டால் சமாதான நீதவானிடம் போகலாம். தேவையில்லாமல் தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

7. பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டுத் தகரப் பெட்டியில் வையுங்கள். லயத்தில் கூரை ஒழுகும், நெருப்பும் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோக் கொப்பி எடுத்துச் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் சாயந்தரம் குடும்பத்தோடு உட்கார்ந்து இவற்றைப் பேசிப் பாருங்கள்:

– உங்கள் பேருக்கு என்ன அர்த்தம்? யார் வைத்தார்கள்? ஏன் வைத்தார்கள்?

– பாட்டனுக்குப் பாட்டன் பேர் தெரியுமா? தெரிந்தவரை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நமக்குக் குடும்பப் பேர் இல்லை. எழுதி வைக்காவிட்டால் மூன்றாம் தலைமுறையில் பேர் மறந்துபோகும்.

– நோர்வூட், ஹோலிரூட் மாதிரி உங்கள் தோட்டத்தின் இங்கிலீசுப் பேருக்குப் பொருள் என்ன? பள்ளிக்கூட ஆசிரியரைக் கேளுங்கள்.

– வீட்டில் உள்ள எல்லாப் பத்திரங்களிலும் அம்மாவின் பேர் ஒரே மாதிரி இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், அடுத்த லீவு நாளிலேயே அந்த வேலையைத் தொடங்குங்கள். நம்ம பேரை நாமே சரியாக எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளைகளுக்கு அது உதவும்.